மிச்ச ஈரம்

நோய் எதுவும் இல்லை என்பதற்காகவே
வரவழைக்கப்பட்டவள் குன்வோர்.
ட்ரோன்ஹெய்ம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இருபத்திரண்டு வருடம்.
வெளியே மைனஸ் பதினான்கு.
அவளுக்குக் கோட்டு தேவைப்படவில்லை,
நிலவறையிலிருந்து நிலவறைக்கு
சுரங்க நடைபாதை வழியே வந்தாள்.

மோதிரம் கழல மறுத்தது.
சோப்பு தடவலாமா என்றேன்.
"என் கைக்குச் சோப்பு புதிதா?"

காதில் அடைப்பு. கையில் ஒரு ரப்பர் பந்து,
பயந்தால் அமுக்க.
படிவத்தில் அவள் பெயர் இல்லை:
தன்னார்வலர் பதினேழு, சாதாரணம்.
"சாதாரணம் என்று எழுதித் தாருங்கள்,
வீட்டில் ஒருத்தருக்குக் காட்டவேண்டும்."

மூச்சை இழுங்கள். விடுங்கள்.
அப்படியே நிறுத்துங்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம்
தகரக் கூரையில் கல்மழை போல
காந்தம் தட்டுகிறது.

தசைமேல் கட்டம் போடுகிறோம்.
மையில்லை, ஊசியில்லை.
இதயம் சுருங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில்
கணக்கு நோட்டுபோல்
நேர்நேராய்க் கறுப்புக் கோடுகள்.
பிறகு அவை எப்படி வளைகின்றன என்று
பார்த்திருப்பதே என் வேலை.
முழுதாக ஒரு நொடி நிற்காது, வெளுத்துவிடும்.
அடுத்த துடிப்புக்கு மறுபடி போடவேண்டும்.

கைமுட்டி மூடித் திறப்பதுபோல் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன், இங்கே சேரும்வரை.
அப்படியில்லை.
நுனி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது.
மேல்தளம்தான் அதை நோக்கி இறங்கி வருகிறது,
ஒன்றரை சென்டிமீட்டர்.
இறங்கும்போதே
மேலே ஒரு பக்கம் திரும்ப
கீழே எதிர்ப்பக்கம் திரும்புகிறது.
அவிழ்வதில் இன்னும் வேகம்.

திரையில் ஓடுவது ஒரே துடிப்பு.
உண்மையில் ஒரே துடிப்பில்லை.
பதினாறு துடிப்புகளிடம்
ஆளுக்கொரு கீற்று வாங்கி
ஒட்டுப்போட்டது.
அப்படியொன்று குன்வோரின் நெஞ்சில்
ஒருநாளும் அடித்ததே இல்லை.
அதைத்தான் நாள் முழுக்க அளக்கிறேன்,
எலியைப் பிடித்து
உள்விளிம்பு வரைந்து, வெளிவிளிம்பு வரைந்து.

ஒன்பதாவது மூச்சடக்கலில்
ஒரு துடிப்பு முந்திக்கொண்டது.
நல்ல இதயத்திலும் நடப்பதுதான்.
கருவி அதைச் சேர்க்கவில்லை,
வரிசை தப்பி வந்தவரை அனுப்பிவிடும் குமாஸ்தாபோல
தள்ளிவிட்டு
அடுத்ததற்குக் காத்திருந்தது.

மேசை வெளியே நகர்ந்ததும் எம்ப்ரிக் கேட்டான்:
நடுவில் ஏதும் தொந்தரவா?
"நாலாம் நம்பர் உலர்த்தி.
அணைத்தேனா என்று திடீரென ஒரு சந்தேகம்."

படத்தைக் காட்டினேன்.
மூன்று முறை ஓடவிட்டேன்.
கண்ணுக்கு முன் அவள் கைகளுக்குப் புரிந்தது:
வலக்கை முன்னே, இடக்கை பின்னே,
காற்றில் ஒரு படுக்கை விரிப்பை
முறுக்கிப் பிழிந்தாள்.
"இதுதானே?
இதைப் பார்க்கவா இவ்வளவு பெரிய காந்தம்?"

எவ்வளவு வெளியே போகிறது என்று கேட்டாள்.
நூற்றுக்கு அறுபத்தொன்று.
மிச்சம்?
உள்ளேயே நிற்கும், ஒவ்வொரு முறையும்.
அது குறையல்ல என்று சொல்ல
நாக்கில் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன்,
எல்லாருக்கும் சொல்வது.

அவளோ தலையாட்டினாள்,
தொழில் தெரிந்தவர்
தொழில் தெரிந்தவருக்கு ஆட்டுவதுபோல்.
"ஒட்டப் பிழியக் கூடாது.
இஸ்திரிக்கு ஈரம் வேண்டும்."

மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள்.
முந்நூறு குரோனர் பரிசுச் சீட்டை
இரண்டாய் மடித்துப் பையில் செருகி
சுரங்க வழியே
கொஞ்சம் விரைவாகவே போனாள்.

முறுக்கம் பதினொரு பாகை என்று எழுதினேன்.
முந்திய துடிப்புக்கு எழுத
எண் எதுவும் இல்லை.

அரைமணி கழித்துத் தொலைபேசி.
பின்னால் பத்துப் பதினைந்து இயந்திரங்களின் இரைச்சல்.
"அணைத்துத்தான் இருந்தது," என்றாள்.
யாரிடம் பேசுகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

பதினெட்டாமவர் வந்துவிட்டார்.
பேருந்து ஓட்டுபவராம்.
குனிந்து
காலணியின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.